வெர்னா பேசிக்கொண்டே போனாள்

போன மார்ச்சில் வெர்னா ஹால்வர்சன் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை ஐந்து வரி போட்டது. நான்கு வரி சரி. "நம் மலைகளுக்கு அன்பின் சேதியைக் கொண்டுவந்த முதல் ஹிப்பிகளில் ஒருவர்" என்ற ஐந்தாவது வரியை அவள் படித்திருந்தால் பத்திரிகை ஆபீசுக்கே போய் மேசையைக் கவிழ்த்திருப்பாள். எந்தச் சேதியையும் அவள் கொண்டுவரவில்லை. நான்கு வருஷம் நாளொன்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு ரொட்டி சுட்டாள், பதினெட்டுப் பேர் துணியையும் துவைத்தாள். சேதி சொன்னவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன்.

அவள் வடக்கு டகோட்டாவில் சர்க்கரை பீட்ரூட் பயிரிடும் நார்வேக்காரக் குடும்பத்துப் பெண். பத்தொன்பது வயதில், ஒரு டிராக்டர் வியாபாரியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்று வீட்டைவிட்டுப் பஸ் ஏறி 1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினாள். தெருவில் இலவசமாக சூப் ஊற்றினார்கள். போரை எதிர்த்துக் கத்தினார்கள். அந்தக் கத்தலில் உண்மை இருந்தது. வியட்நாமில் நடந்தது கசாப்பு, அதைக் கசாப்பு என்று சொன்ன முதல் கூட்டத்தில் எங்கள் கூட்டமும் உண்டு. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நான் அயோக்கியன். ஆனால் சூப் வாங்க வந்த வெர்னா மூன்றாம் நாளே சூப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதை மறைத்தாலும் நான் அயோக்கியன்தான்.

அடுத்த வருஷம் நகரத்தில் போதைமருந்தும் போலீசும் பெருகிவிட்டன என்று வெர்னாவும் நானும் உட்பட ஒரு கூட்டம் வடக்கே மெண்டசினோ மலைக்கு ஏறியது. நூறு ஏக்கர் நிலம். இடத்துக்கு 'விடியல்' என்று பேர். நிலத்தை வாங்கியவன் பிரெஸ்டன் விட்லாக். அவன் அப்பா கனெக்டிகட்டில் பாங்க் வைத்திருந்தார். மலைக்கு வந்ததும் பிரெஸ்டன் தன் பேரை 'ஆறு' என்று மாற்றிக்கொண்டான். எல்லோருக்கும் அவனே பேர் வைத்தான். வெர்னாவுக்கு வைத்த பேர் 'சிட்டுக்குருவி'. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பவே மாட்டாள். "குருவி ரொட்டி சுடுமா? பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்பாள்.

எங்களுக்குத் தலைவர் கிடையாது, சட்டம் கிடையாது, ஓட்டு கிடையாது. ஓட்டுப் போட்டால் தோற்றவன் மனம் புண்படுமாம். அதற்குப் பதிலாக வட்டம். எதை முடிவு செய்வதானாலும் வட்டமாக உட்காருவோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு கடற்சிப்பி கைமாறிக்கொண்டே வரும். சிப்பி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேசுகிறவரை மறிக்கக்கூடாது, தொடக்கூடாது, அவருக்கு முதுகு காட்டக்கூடாது. எல்லோரும் ஒருமனதாகச் சரி என்றால்தான் காரியம். ஒருவர் "தடுக்கிறேன்" என்றால் போதும், அதோடு முடிந்தது. எங்களிடம் இருந்த ஒரே வண்டி ஒரு பழைய பால் வண்டி. சிப்பியின் ஓரத்துத் துளையில் அதன் சாவியை நூலால் கட்டியிருந்தோம், வட்டத்தைக் கேட்காமல் யாரும் வண்டி எடுக்கக்கூடாது என்பதற்காக.

இந்த ஏற்பாட்டைப் பார்க்க வந்த பத்திரிகைக்காரர்கள் அதிகாரமே இல்லாத சமூகம் என்று எழுதிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஒரு வருஷம் தங்கியிருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் தடுத்தவர்கள் எல்லாம் நிலத்துக்காரனும் அவனுடைய சிநேகிதர்களும்தான். ஆண்களும் முறைவைத்துச் சமைக்கலாமா என்று பெண்கள் கேட்டபோதும் அப்படித்தான் நடந்தது. "இயற்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற வேற தாளம் குடுத்திருக்கு" என்றான் பிரெஸ்டன். நான் தலையாட்டினேன்.

1971 செப்டம்பரில் வெர்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓப்பல் என்று பேர் வைத்தாள். குழந்தையின் அப்பா, எதற்கும் கட்டுப்படாத சுதந்திர மனிதர், கோடையிலேயே ஓரிகனுக்குப் போய்விட்டிருந்தார். பிப்ரவரியில் குழந்தைக்கு ஐந்து மாதம். ஒன்பது நாளாக மழை. குழந்தை இருமத் தொடங்கியது. பத்துப் பதினைந்து இருமல் தொடர்ந்து வரும், நடுவில் மூச்சு எடுக்க இடமே இருக்காது. கடைசியில் உள்ளிழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம், பிறகு வாந்தி. முகம் சிவந்து கறுத்து நீலமாகும். தேன் தடவினார்கள், பூண்டுப் புகை போட்டார்கள். நான்காம் நாள் காலையில் குழந்தை மூன்று முறை நீலமானது. மூன்றாம் முறை மூச்சு நின்றே போனது. வெர்னா அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி மூச்சை வரவழைத்தாள். அப்படியே சால்வையில் சுற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டகைக்கு வந்து வட்டம் போடச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி வேணும்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. சிப்பியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தாள்.

பக்கத்தில் இருந்தவள் கிளாரிஸ், எங்கள் மூலிகை வைத்தியக்காரி. பிலடெல்பியாவில் டைப்பிஸ்டாக இருந்தவள். "நெஞ்சுல வெங்காயத்தை வெச்சுக் கட்டிப் பாக்கலாமே, சிஸ்டர்" என்றாள்.

"நாலு நாளா வெங்காயம்தான் கட்டியிருக்கேன். குழந்தை மேல சூப் வாசம் அடிக்குது" என்றாள் வெர்னா.

சிப்பி அவள் கையில் இல்லை. ஆகவே எல்லோரும் "ஷ்ஷ்" என்றார்கள்.

சிப்பி பிரெஸ்டனுக்குப் போனது. கிறிஸ்துமஸிலிருந்து அவனுக்கும் இருமல். உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்சம் இருமிவிட்டுப் பேசினான்.

"சிஸ்டர், உன் பயம் எனக்குப் புரியுது. குழந்தைக்கு நோயே கிடையாது, உன் பயம்தான் அதோட மூச்சை அடைக்குது. ஆஸ்பத்திரின்னா என்ன? ஊசி, ரசாயனம், ஃபாரம். பேர் கேப்பான், ஊர் கேப்பான். நாளைக்கு ஷெரிஃப் வந்து வாசல்ல நிப்பான். போருக்குப் போகமாட்டேன்னு ஓடிவந்த ரெண்டு பிரதர்ஸ் இங்க இருக்காங்க. அவங்களை உள்ள போடணுமா? அதனால நான் தடுக்கிறேன். அன்போடதான் தடுக்கிறேன்."

அந்த இருவரில் ஒருவன் நான். சிப்பி என்னிடம் வந்தபோது ஈரமாக இருந்தது. "பரவாயில்ல, போகட்டும்" என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும். நான் கல்லூரியில் தத்துவம் படித்தவன். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரி எனக்குத் தோணுது" என்றேன்.

"பேசிட்டாரு புரொஃபசரு" என்றாள் வெர்னா. மறுபடி "ஷ்ஷ்".

சிப்பி வட்டம் முழுவதும் சுற்றியது. பதினாறு பேர் தங்கள் உணர்ச்சிகளைச் சொன்னார்கள். இரண்டு பேர் அழுதார்கள், குழந்தைக்காக அல்ல, வட்டம் பிளவுபடுகிறதே என்று. நடுவில் ஓப்பல் இன்னொரு முறை இருமி நீலமாகித் திரும்பியது. சிப்பி வெர்னாவிடம் திரும்பி வந்ததும், "நாளைக் காலையில மனசு தெளிஞ்சு மறுபடி உக்காரலாம்" என்று பிரெஸ்டன் எழப்போனான்.

"இரு, நான் பேசணும். சிப்பி எங்கிட்ட இருக்கு" என்றாள் வெர்னா.

அவன் உட்கார்ந்தான். அவள் எழுந்தாள்.

"முதல்ல கக்கூஸ் குழி. அதை வெட்டினது யாரு? நானும் கிளாரிஸும். நீங்க அஞ்சு ஆம்பளைங்க பூமியோட வலியைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. ரெண்டாவது, துணி." பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினாள். "பதினெட்டுப் பேர் துணி. சோப்பு பூமிக்கு ஆகாதுன்னு சொன்னவன் எவனும் ஒரு கோவணத்தைக்கூடத் துவைச்சதில்ல..."

பேசுகிறவருக்கு முதுகு காட்டக்கூடாது. நாங்கள் எழுந்து அவள் பின்னால் நடந்தோம். மறிக்கக்கூடாது, தொடக்கூடாது. மழையில் பதினேழு பேர், வாயை மூடிக்கொண்டு, மரியாதையாகக் காது கொடுத்தபடி ஒரு ஊர்வலம் போனோம். பிரெஸ்டன் வாயைத் திறந்தான். கிளாரிஸ் அவன் கையைப் பிடித்து, "அவ பேசறா!" என்றாள். வேண்டுமென்றே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெர்னா பால் வண்டியின் கதவைத் திறந்தாள். வண்டியில் கிடந்த மாவுப் பெட்டியைக் காலி செய்து குழந்தையை அதில் படுக்கவைத்து, பெட்டியைக் கைக்கு எட்டும்படி தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வாய் ஓயவில்லை. ஈஸ்ட் பொங்காத நாளைப் பற்றியும், கம்பளிப் போர்வைகள் ஆண்கள் குடிசையிலேயே தங்கிப்போவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே சாவியைத் திருகினாள். சிப்பி சாவியிலிருந்து தொங்கி ஆடியது. வண்டி இரண்டு முறை கனைத்துவிட்டுக் கிளம்பியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இன்னும் முடிக்கல. அங்கேயே நில்லுங்க."

சேற்றில் சறுக்கிக்கொண்டு வண்டி வளைவில் மறைந்தது. நாங்கள் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து பிரெஸ்டன், "இது வன்முறை" என்றான்.

ஒன்றரை மணி நேரச் சேற்றுப்பாதை. ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை குழந்தையின் நெஞ்சில். குழந்தைக்கு மூச்சு நின்றபோதெல்லாம் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். யாராவது ஒருவர் ஏறிக் குழந்தையை மடியில் வைத்திருக்கலாம். பதினேழு பேரில் ஒருவரும் ஏறவில்லை.

கக்குவான் இருமல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிராணவாயுக் கூடாரத்தில் இருபது நாள் குழந்தை கிடந்தது. முதல் வாரம் டாக்டர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் நீலமாகாமல் ஒருவேளைப் பாலை முழுதாகக் குடித்தது. ஓப்பல் பிழைத்தாள். இன்று அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, காட்டுத்தீ அணைக்கும் படையில் இருந்து ஓய்வு பெற்றவள்.

ஷெரிஃப் வரவில்லை. வந்தது மாவட்டச் சுகாதார நர்ஸ் எஸ்தர் க்வின், குட்டையான அம்மாள், ரப்பர் பூட்ஸ், ஒரு பை நிறைய மாத்திரை. எங்களை வரிசையில் நிறுத்தி நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். பிரெஸ்டனிடம் வந்ததும் நின்றாள்.

"எத்தனை நாளா இருமறே?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. உடம்பு சுத்தமாயிட்டு..."

"அட முட்டாளே, உங்கிட்டேர்ந்துதான் குழந்தைக்குத் தொத்தியிருக்கு. பெரியவங்களுக்கு இது வெறும் இருமலாப் போயிடும். குழந்தையத்தான் கொல்லும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "சின்ன வயசுல தடுப்பூசி போட்டுக்கிட்டவங்க கை தூக்குங்க."

மழையில் நின்ற பதினேழு பேரும் கை தூக்கினோம். எங்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஊசி போடவைத்த அம்மாக்களைத்தான் 'பிளாஸ்டிக் மனிதர்கள்' என்று நாங்கள் நக்கலடித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் போட்ட ஊசி, வருஷங்களில் வலு குறைந்தும், உயிரைக் காத்துக்கொண்டிருக்க, இயற்கையே காக்கும் என்று பேசினோம். விடியலில் ஊசி போடாத ஆள் ஒருத்திதான் இருந்தாள். வட்டத்தில் அவளுக்கு இடமும் இல்லை, பேச்சும் வராது.

வெர்னா திரும்பி வரவில்லை. பால் வண்டியை ஆள் வைத்து அனுப்பினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். துணி துவைக்கத் தெரியும், இங்கே கூலியும் தருகிறார்கள் என்றாள். பிறகு நர்ஸ் படிப்பு. முப்பத்தைந்து வருஷம் மாவட்ட மருத்துவமனையில் தடுப்பூசிப் பிரிவில் இருந்தாள். நான் அந்தக் கோடையில் மலையை விட்டு இறங்கிக் கனடாவுக்குப் போனேன். போருக்குப் போகாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்தபின் திரும்பி வந்து இந்த ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் என்னைக் கண்டதும் வெர்னா, "என்ன புரொஃபசரே, எந்தப் பக்கத்துல நியாயம்னு முடிவு பண்ணிட்டியா?" என்றாள். அதன் பிறகு நாற்பது வருஷ நட்பு.

ஹிப்பிகள் என்ன ஆனார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், ஏதோ அழிந்துபோன விலங்கைக் கேட்பதுபோல. அழியவில்லை. பிரெஸ்டன் 1974இல் முடியை வெட்டிக்கொண்டு அப்பாவின் பாங்குக்குப் போனான். கிளாரிஸ் மறுபடி டைப்பிஸ்ட் ஆனாள். அப்பா இருந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது, இல்லாதவர்கள் நகரத்து நடைபாதையில் கிழவர்களானார்கள். தொண்ணூறுகளில் பிரெஸ்டன் திரும்பி வந்து விடியலைத் தியான விடுதியாக்கினான். வார இறுதிக்குப் பணம் கட்டி மௌனமாக இருந்துவிட்டுப் போகலாம். பாத்திரம் தேய்க்க மெக்சிகோப் பெண்கள். எதிர்ப்பில் இருந்த உண்மை, போர் முடிந்ததும் கரைந்துபோனது. மிஞ்சியது விஞ்ஞானத்தின் மேல் இருந்த இளக்காரம். அதைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள், நன்றாக விற்றது. நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று ஒரு கையெழுத்துப் போட்டால் ஊசி போடாமலே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று சட்டமும் இருந்தது. வசதியான வீடுகளில் அந்தக் கையெழுத்து ஒரு அந்தஸ்து.

2010இல் கக்குவான் மாநிலம் முழுக்கப் பரவியது. கைக்குழந்தைகள் செத்தார்கள். அந்த ஆகஸ்டில் ஊர் நூலகத்தில் பிரெஸ்டன் 'இயற்கையான எதிர்ப்புச் சக்தி' பற்றிப் பேச வந்தான். வெள்ளைத் தாடி, சணல் சட்டை. முப்பது இளம் தாய்மார்கள், பலர் மடியில் குழந்தை. வெர்னா மருத்துவமனைச் சீருடையிலேயே வந்து பின்னால் நின்றாள். கேள்வி நேரம் வந்தது.

"பிரெஸ்டன், ஒரே ஒரு கேள்வி. உனக்கு ஊசி போட்டிருக்கா?"

அவன் சிரித்தான். "அது என் அம்மா முடிவு, சிஸ்டர். என்னை யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா இந்தத் தாடி வளந்திருக்காது." பிறகு தாய்மார்களைப் பார்த்துச் சொன்னாள்: "இவர்கிட்டேர்ந்து என் குழந்தைக்கு இந்த நோய் தொத்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டேன். அன்போட தடுத்தாரு. குழந்தை நீலமாகறதை நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். காலையில எட்டு மணிக்கு ஊசி அறையைத் திறப்பேன்."

பலர் முகம் சுளித்தார்கள். கூட்டத்தின் அமைதியைக் கெடுத்துவிட்டாளாம். ஒருத்தி, "இந்தம்மா மருந்துக் கம்பெனி ஆளா இருக்கும்" என்று பக்கத்தில் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது.

மறுநாள் முப்பது பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள். எட்டு மணிக்கு முன்பே வந்து பூட்டிய கதவருகே, ஒருவரையொருவர் தெரியாததுபோல நின்றார்கள். வெர்னா கதவைத் திறந்து முதலாமவளை உள்ளே அழைத்தாள். அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கேட்டாள்:

"வலிக்குமா?"

"வலிக்கும்" என்றாள் வெர்னா. "உக்காரும்மா."