ஆடிக்கு முன் கடைந்த சிலிண்டர்

பிஸ்டனைக் கையில் வாங்கி, அளந்து பார்த்து, அதற்கேற்பத்தான் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைய வேண்டும். கராஜில் சேர்ந்த முதல் வருடமே படித்த பாடம். இருபத்தைந்து வருடம் எஞ்சின் பிரித்த நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

காரணம் ஆடி மாதம். தெல்தோட்டையில் ஆசிரியராக இருக்கும் என் மனைவியின் அண்ணன், தன் பழைய ஜப்பான் டர்போ காரை எஞ்சின் வேலைக்கு என்னை நம்பி கண்டிக்குக் கொண்டுவந்து விட்டார். ஏற்றத்தில் இழுவை கூட்டும் டர்போ பிடிக்கும்போது வரும் விசில் சத்தத்துக்காகவே அந்தக் காரை விற்காமல் வைத்திருந்த மனுஷன். ஆனி முடிய இரண்டே நாள் இருந்தது.

“ஆடியில தொடங்க வேணாம் மச்சான். அதுக்கு முன்னுக்கே கை வச்சிருங்க” என்றார்.

எனக்கும் அந்தப் பயம் உண்டு, இல்லையென்றால் பொய். பிஸ்டன் எல்லா சைஸிலும் இருப்பதாகக் கொழும்புக் கடைக்காரன் போனில் சொன்னான். கூடுதலாகக் கடைவது அரை மில்லிமீட்டரா, ஒன்றா என்று லேத் பட்டறைக்காரர் கேட்டார். ஒரு சிலிண்டரில் கீறல் ஆழமாக இருந்ததால் ஒன்று என்றேன். தேங்காய் உடைத்து, நான்கு சிலிண்டரையும் கடைந்து முடித்தோம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஆடி நாலாம் நாள் பார்சல் வந்தது. அளவு சரி, ஆனால் பிஸ்டனின் தலை தட்டை. டர்போ எஞ்சினுக்குத் தலை கிண்ணம் போலக் குழிந்திருக்க வேண்டும். தட்டையைப் போட்டால் அழுத்தம் கூடி, ஏற்றத்தில் பிஸ்டனே உடைந்துவிடும். குழிந்த பிஸ்டன் அரை மில்லிமீட்டர் கூடுதல் சைஸுக்கு மேல் வருவதே இல்லையாம். உள்ளே ஸ்லீவ் என்ற உலோகக் குழாயை இறக்கி மறுபடி சிறிதாக்கலாமா என்று கேட்டேன். சுவர் மெல்லியது, வெடித்துவிடும் என்று பட்டறைக்காரர் கைவிரித்தார். வேறு எஞ்சினும் எங்கும் கிடைக்கவில்லை.

மச்சான் தினமும் போன் எடுத்தார். “வேலை நடக்குதா?” “நடக்குது.” வீட்டுக்குப் போனால் மனைவியும் அதையே கேட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். தட்டைப் பிஸ்டனையே போட்டு, டர்போவைக் கொஞ்சம் குறைத்துவைத்து, பேசாமல் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் பிள்ளைகளும் அதே காரில்தான் போகிறார்கள். பார்சல் வந்த ஆறாம் நாள் அவரை வரச்சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.

கதிரையில் உட்கார்ந்து கேட்டார். தட்டைப் பிஸ்டன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“டர்போவைக் கழட்டிட்டா இந்தப் பிஸ்டன்ல ஓடும்தானே?”

“ஓடும். இழுவை இருக்காது.”

“அப்ப கழட்டிருங்க. நான்தான் வேணாம்னு சொன்னதா தங்கச்சிக்கிட்ட சொல்லிக்கிறேன். நீங்க ஒன்னும் பேசாதீங்க.”

அவர் ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசி, ஒருவழியாகத் தப்பியிருப்பேன்.

இப்போதெல்லாம் குடும்பம் சாப்பாட்டுக்குக் கூடினால் மனைவி ஆரம்பித்துவிடுவாள். “அண்ணனுக்கு வயசாயிருச்சு. பயந்துபோய் டர்போவையே கழட்டச் சொல்லிட்டாரு.” எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்வேன்.