என் காதில் விழுந்த பாவசங்கீர்த்தனம்

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் எங்கள் பங்குக் கோயிலில், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா. காது சரியாகக் கேட்காது. அதனால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். முந்தின வருடம், கோயிலில் என் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க இருந்த நேரத்தில், காரணமே சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டபோது, என்னோடு உட்கார்ந்து அழுதவர்.

அக்கா முழங்காலிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் மெதுவாக ஏதோ சொன்னார்.

"இன்னா சாமி? கேக்கலை" என்றவர், தானாகவே ஆரம்பித்துவிட்டார். "பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு வலிப்பு கீதுன்னு மாப்ள வூட்டாண்ட நான்தான் சொன்னேன் சாமி. அதுக்கு ஒரு நோவும் கெடையாது. என் பொண்ணுக்கு ஒண்ணும் அமையலையேன்னு வயித்தெரிச்சல்."

பின்னால் நின்ற பெண்மணி, முன்னால் போகச் சொல்லி என் தோளைத் தொட்டார். அக்கா கண்ணைத் துடைத்தபடி, என்னைக் கவனிக்காமலே கடந்து போனார்.

அடுத்தது நான். "சாமி, அந்தப் பொண்ணு நான்தான்" என்றேன்.

சாமியார், "இன்னொருத்தர் பாவத்தை இங்க பேச முடியாதும்மா. உன்னோடதைச் சொல்லு" என்றார்.

கோபம் பொங்கியது. "ஒருத்தரை மன்னிக்க முடியலை. மன்னிக்க இஷ்டமும் இல்லை."

"இஷ்டம் வரணும்னு ஆண்டவர்கிட்ட கேளு. இன்னிக்கு அது போதும்."

எழுந்து வந்தால், அக்கா பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் அப்படியொரு நிம்மதி! அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கடவுள் எப்படி அவரை மன்னிக்கலாம்?

மறுநாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அவரே சொன்னார். "மாப்ள வூட்டாண்டயும் போய் உண்மையச் சொல்லிட்டு வரேன் பாப்பா." அம்மா திட்டித் தீர்த்தார். அக்கா தலைகுனிந்து நின்றார்.

"பரவாயில்லக்கா, மன்னிச்சிட்டேன்" என்று முனகினேன்.

"இன்னா பாப்பா?" என்று முகத்தை என் அருகே கொண்டுவந்தார்.

முதலில் சொன்னது ஒப்புக்கு. அவருக்குக் கேட்கும்படி மறுபடி உரக்கச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் நிஜமாகவே மன்னித்தேன்.

அந்தச் சம்பந்தம் திரும்பக் கூடிவரவில்லை. எனக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. ஆனால் இன்றும் பாவசங்கீர்த்தனம் முடித்து எழும்போதெல்லாம், கடவுள் என்னை மன்னித்திருப்பார், நான் காயப்படுத்தியவர் மன்னித்தாரா என்ற நினைப்பு வந்து, அப்படிக் காயப்பட்டவரின் வீட்டை நோக்கித்தான் முதலில் நடக்கத் தோன்றுகிறது.