சிவப்பு பெயின்ட் பூசின கிணறு

பகல் சோத்துப் பார்சலைப் பிரிச்சா, பருப்பு வாசத்துக்கு முன்னாடி என் கையில இருந்த குளோரின் வாசம்தான் மூக்குல ஏறும்...

சுகாதாரப் பகுதியில அதுதான் என் முதல் வேலை. உக்குவளைக்கு உள்ள ஒரு முஸ்லிம் கிராமம். மழை பெஞ்சா போதும், புள்ளைகளுக்கு வயித்தால போகும். வீடு வீடா கிணத்துத் தண்ணி எடுத்து, ஐஸ் பெட்டியில வெச்சு, பஸ்ல மாத்தளைக்குக் கொண்டு போய் டெஸ்டுக்குக் குடுக்கணும். கிருமி இருந்தா கிணத்துக் கட்டுல சிவப்பு பெயின்ட் பூசணும். குடிக்காதீங்கன்னு அர்த்தம்.

கையில பெட்டி வந்ததும் பெரிய டொக்டர்னு நெனப்பு எனக்கு!

அக்காவ அங்க ராத்தான்னுதான் கூப்பிடுவாங்க; ரிஹானா ராத்தாட கிணறுதான் ஊருக்கே நல்ல தண்ணின்னு பேரு. அவங்க கணவர் சாகுறதுக்கு முன்னாடி, எல்லாரும் குடிக்கட்டும்னு வெட்டினது. ரிசல்ட் வந்துச்சு... அதுலதான் எல்லாத்தையும் விட கிருமி கூட.

பெயின்ட் டின்னோட போய் நின்னேன். ராத்தா சண்டை போடல. மெதுவா கேட்டாங்க.

"மகள், இந்தத் தண்ணிய யார் குடிச்சாலும் மவுத்தான அவருக்கு நன்மை போய்ச் சேருது. நீங்க இத பூசினா அது நின்னு போயிரும்தானே?"

டிரெய்னிங்ல இதுக்கு யாரும் பதில் சொல்லித் தரல. டின்ன மூடிட்டேன்.

அப்பதான் பாத்தேன். பள்ளிக்குத் தொழப் போறவங்க கிணத்துக் கட்டுகிட்ட நின்னு ஒளு செஞ்சு, கை, முகம், கால் கழுவுறாங்க. கட்டு பூரா வெடிப்பு. கழுவுன தண்ணி திரும்ப கிணத்துக்குள்ளதான் போகுது. அதுவும் நன்மைன்னு ராத்தாதான் எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க, பாவம்.

காட்டினேன். ராத்தா குனிஞ்சு அந்த வெடிப்பத் தடவிப் பாத்தாங்க.

"அப்ப புள்ளைகளுக்கு வயித்தால போய் வருத்தம் வந்ததும்... அவருக்குத்தான் போய்ச் சேருமா?"

என் கையில இருந்த பிரஷ்ஷை வாங்கி அவங்களே பூசினாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ஆம்பளைங்க மண்வெட்டியோட வந்துட்டாங்க. கட்ட ஒசத்தி, சுத்திவர கொங்கிரீட் போட்டு, அழுக்குத் தண்ணி ஓட கான் வெட்டி, ஒளு செய்றதுக்குத் தள்ளி ஒரு பைப் வெச்சாங்க. நாங்க குளோரின் போட்டோம். அடுத்த டெஸ்ட்ல தண்ணி சுத்தம். "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு ராத்தா அன்னைக்கே உக்காந்து சிவப்ப சுரண்ட ஆரம்பிச்சாங்க.

இப்போ எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லார் பையிலயும் போத்தல் தண்ணி. அடுத்தவங்க வீட்டுத் தண்ணிய யாரும் நம்புறதில்ல... நானும்தான்.

போன மாசம் அந்த ஊருக்குப் போனேன். ராத்தா மவுத்தாகி நாலு வருசமாம். அவங்க மகள் கிணத்துத் தண்ணி கொண்டு வந்து தந்தாங்க. போத்தலை வெளிய எடுக்கவே இல்ல. மடமடன்னு குடிச்சேன்.

ரெண்டு பேருக்கும் போய்ச் சேரட்டும்.