ஆள் இருக்கும் வீடு

உள்ளே யார் இருக்கிறார்கள், வெளியே யார் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் வீட்டுக்கே தெரியும் என்று என் மகன் சொன்னான். நாமக்கல்லுக்கு வெளியே, ராசிபுரம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மனை போட்டு விற்ற இடத்தில் நாங்கள் கட்டிய வீடு அது. சுற்றிலும் பாதி மனைகள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன. கிரகப்பிரவேசத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவன் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் சாக்லேட் என்று நினைத்துச் சுற்றி நின்றார்கள். திறந்தால் சுவிட்சும் சென்சாருமாக இருந்தது. என் நாத்தனார் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரவேண்டும். வருவதில்லை, அது வேறு விஷயம்.

லைட், ஃபேன், டிவி, ஹீட்டர், வாசல் கேட்டு விளக்கு, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாவற்றையும் செல்போனில் கட்டிப் போட்டான். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆளில்லாத ஊட்டுல ஃபேன் சுத்தக் கூடாது சாமி. அதுக்கு வழி இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா."

அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பட்டறையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு எங்கேயாவது ஒரு ஃபேன் சும்மா ஓடினால், சோற்றில் வைத்த கையோடு எழுந்து போய் அமத்திவிட்டு வருகிற ஆள். மகன் அன்று சாயங்காலமே அப்பா கேட்டதைச் செய்து கொடுத்தான். எப்படிச் செய்தான் என்று நான் கேட்கவில்லை. மிக்சிக்குள் என்ன இருக்கிறது என்றுகூட நான் கேட்டதில்லை.

அவன் ஊருக்குப் போனதும் வீடு தன் குணத்தைக் காட்டியது. ஹாலில் சொன்னதைக் கேட்கும் சின்ன டப்பா ஒன்று உண்டு. "லைட்ட அமத்து" என்றால் அதற்குப் புரியாது. மகன் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் வீட்டில் உள்ள அத்தனையும் ஒரே நேரத்தில் முழித்துக்கொள்ளும். மத்தியானத்தில் கேட்டு விளக்கு எரியும், நிற்கும், எரியும். சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சென்சாரைக் கழற்றினார். உள்ளே பல்லி முட்டை இருந்தது.

"பல்லிக்கும் ஊடு வேணுமில்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர். அந்த மெக்கானிக்கும் அவரும் சேர்ந்து சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் பேசியதில் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிற கடைசிப் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

அதன்பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் துலக்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்தபடி சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது பக்கம் வரவில்லை, பேச்சு வரவில்லை. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். "அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா. நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

கொஞ்ச நாள் பேசினேன். அரிசி தீர்ந்தது, மகன் கூப்பிட்டான், பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் கண் என் மேல் இருக்கும், ஆனால் என்னைப் பார்க்கிறதா என்று தெரியாது. பதில் வராத இடத்தில் எத்தனை நாள்தான் ஒரு மனுஷி பேசுவாள்? மெல்ல மெல்ல நின்றுபோனது. துடைத்துவிடுவேன், ஊட்டிவிடுவேன், திருப்பிப் படுக்க வைப்பேன். பாத்திரம் கழுவுகிற மாதிரிதான் எல்லாம் நடந்தது. வருத்தம்கூட இல்லை. பார்க்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "தைரியசாலி" என்றார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஏறினால் எப்படியோ அப்படி இருந்தேன்.

வெளியே கிளம்பும்போது "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்வதும் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் நான் படி இறங்கியதில்லை. இப்போது பையை எடுப்பேன், கதவைச் சாத்துவேன், போய்விடுவேன்.

சாயங்காலம் பாலுக்கும் காய்க்கும் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க இடுப்பில் வேட்டித் துணியால் ஒரு கட்டுப் போட்டு, லைட்டையும் ஃபேனையும் டிவியையும் போட்டுவிட்டுப் போவேன். அந்தச் சித்திரை மாதத்தில்தான் கோளாறு ஆரம்பித்தது. திரும்பி வந்து பார்த்தால் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். தலைக்கு மேலே ஃபேன் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய படம் ஓடும் சேனலை வைத்துவிட்டுப் போயிருப்பேன். வந்து பார்த்தால் டிவியில் யாரோ வாணலி விற்றுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் ஆரம்பித்தது. நான் பையை எடுத்தால் போதும், அந்த இடது கை வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எதுவும் தோன்றாத அந்த நாட்களில் எரிச்சல் மட்டும் தவறாமல் வந்தது. "ஏனுங்க, பால் வேண்டாமா உங்களுக்கு?" என்று ஒருநாள் கத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் துடைத்துவிட்டுப் போய்விட்டேன்.

வியர்வைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரையை மாற்றினார்கள். வெயில் காலம், உடம்பில் தண்ணீர் குறைந்தால் இவருக்கு ஆபத்து, ஜாக்கிரதை என்றார்கள். டிவிக்காக கேபிள்காரரைக் கூப்பிட்டேன், அவர் பெட்டியை மாற்றினார். சேலத்து மெக்கானிக்கும் வந்து வைஃபை பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க என்றார். நல்லாத்தான் இருந்தது. சட்டை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எடுக்க மறந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வழக்கமாக நான் தெருமுனையில் திரும்பியதுமே கேட்டு விளக்கு எரியும். அன்று எரியவில்லை. மறுபடியும் பல்லியா என்று திட்டிக்கொண்டே தடவித் தடவிக் கேட்டைத் திறந்தேன். உள்ளே ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் ஓடியது. நான் வைத்துவிட்டுப் போன அதே படம், அதில் பாதிக் கதை தாண்டியிருந்தது. அவர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

பால் பாத்திரத்தோடு அங்கேயே நின்றேன். மருந்து அதேதான், வெயில் அதேதான். போன் மட்டும்தான் என் கையில் இல்லை.

மறுநாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தானையை விடுவித்துக்கொண்டு தெருமுனை வரை போய், அதைத் தாண்டித் தெருவுக்கான பொதுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நடுவில் காலி மனைகள் என்பதால் அங்கிருந்து எங்கள் ஹால் ஜன்னல் நேராகத் தெரியும். சற்று நேரத்தில் ஜன்னலில் வெளிச்சம் போனது. டிவியின் நீல வெளிச்சமும் போனது. நான் முனைக்குத் திரும்பி நடந்தேன். எல்லாம் வந்தது. மறுபடியும் தொட்டிப் பக்கம் போனேன். எல்லாம் போனது.

மூன்றாவது தடவை போய்ப் பார்க்கலாம் என்று கால் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று. நான் ஒரு சுவிட்சைச் சோதிப்பதாக நினைத்து, அவரை இருட்டில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் எல்லாம் கொசுவுக்காகச் சாத்திய வீடு, மேலே பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட். கை எட்டுகிற தூரத்தில் அந்த டப்பா வேறு, யாராவது வாய்விட்டுச் சொன்னால் போதும் என்று காத்துக்கொண்டு இருக்கும். சொல்ல அவருக்குத்தான் வாய் இல்லை.

வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டேன். அவன் அங்கே ஆபீசில் இருந்தான்.

"நான் வெளியே போனா ஊட்டுல எல்லாம் நின்னு போகுது கண்ணு."

"ஆமாங்கம்மா. ஆளில்லன்னா ஆஃப் ஆகற மாதிரி வெச்சிருக்கேன். அப்பாதானே கேட்டாரு."

"ஆள் இருக்குதே. உங்கப்பா இருக்காரே."

அவன் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அது போனை வெச்சுத்தாம்மா ஆளைக் கணக்குப் பண்ணும். அப்பா போன் ஆஃப்ல இருந்தாலும் கடைசியா இருந்த எடம் ஊடுன்னுதான் காட்டிட்டு இருந்துச்சு, ஆனா போன் ஆஃப்ல இருக்குதுன்னு தினமும் எனக்கு மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு. அதான் போன மாசம் அப்பா பேரை எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். நான் அழவில்லை. அவனைத் திட்டவும் தோன்றவில்லை. அவன் செல்போனிலிருந்து எடுத்தான், அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போக ஆள் இல்லை என்று நினைத்துத்தானே நானும் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

ஆள் இல்லாவிட்டால் நிறுத்துகிற அந்த ஏற்பாட்டையே எடுத்துவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அது அவர் கேட்டு வாங்கியது. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்த அவருடைய போனை எடுத்தேன். கண்ணாடி கீறிப் போன பழைய போன், ஓரத்தில் பட்டறை பெயிண்ட் ஒட்டியிருந்தது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தது. காலையில் மகன் அங்கிருந்து சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். என் போனில் எங்கள் வீட்டுப் படத்துக்குக் கீழே இரண்டு பேர் வந்தார்கள். அம்மா, வீட்டில். அப்பா, வீட்டில்.

அன்று சாயங்காலம் அவருக்குச் சட்டை மாற்றிவிட்டு, போனை அவர் சட்டைப் பையில் வைத்தேன். வைக்கும்போது நடந்ததை எல்லாம் சொன்னேன். யாருக்கோ கணக்கு ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னேன். "இது உங்க பையில இருந்தா ஊடு நீங்க இருக்கறதாத் தெரிஞ்சுக்கும். ஃபேன் நிக்காது. இத்தன நாளு நின்னிருக்குது. எனக்குத் தெரியலைங்க." அவர் கண் என் மேல் இருந்தது. எப்போதும் போலத்தான் இருந்தது.

இடுப்புத் துணியைக் கட்டினேன். ஃபேனைப் போட்டேன். படம் ஓடும் சேனலை வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு, அவருடைய இடது கை பக்கமாகவே போய் நின்றேன். முந்தானை அவர் விரலுக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

"போயிட்டு வாரேனுங்க" என்றேன்.

கை எழுந்தது. முந்தானைக்கு வரவில்லை. மெல்ல மேலே போய்ச் சட்டைப் பையைத் தேடிப் பிடித்து, உள்ளே போன் இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தது. பட்டறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தட்டிப் பார்ப்பாரே, அதே தட்டு. அப்புறம் அந்தக் கை என்னைப் பார்த்து லேசாக அசைந்தது. போ என்று.

நான் பையைக் கீழே வைத்தேன். அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தேன். அத்தனை மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமாக வந்தது. டப்பா என்னவோ கேட்டதாக நினைத்துக்கொண்டு, புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னது. அன்று பாலுக்குப் போகவில்லை.