சினை மீனும் பிரிட்ஜிங் விசாவும்

செப்டம்பர் பிறந்தால் இந்தக் கங்காரு நாட்டில் வசந்தம். கூடவே, மரி கொட் என்கிற ஆற்று மீனுக்குப் பேறுகால விடுப்பும் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு அதைப் பிடிக்கக்கூடாது. தவறித் தூண்டிலில் மாட்டினாலும் மன்னிப்புக் கேட்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஊர்ச் சந்தையில் 'சினை மீன்' என்று ஒரு குரல் கேட்டாலே நாலு பேர் கூடைமேல் விழுவோம். இங்கே அதே சினைக்கு ஒரு சட்டம், கரையில் படம் போட்ட பலகை, காவலுக்குச் சீருடை அதிகாரி.

மற்ற மீன்களுக்குத் தடையில்லை என்பதால், போன ஒக்டோபரில் யோகனைக் கூட்டிக்கொண்டு கௌராப் பக்கம் ஆற்றுக்குப் போனேன். நகரத்தில், கிரவீன் பகுதியில், என் பக்கத்து வீட்டில் அறை எடுத்திருப்பவன். மனைவியின் வயிற்றில் பிள்ளை இருந்தபோது வவுனியாவை விட்டுப் படகேறியவன். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை கொடுக்கிற தற்காலிக பிரிட்ஜிங் விசாதான் இன்னமும். அதில் குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது, போய்ப் பார்த்துவிட்டு வரவும் முடியாது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளை அவன் ஒருநாளும் தூக்கியதில்லை.

நான் காரிலிருந்து தேநீர் எடுத்து வருவதற்குள், முழங்கால் தண்ணீரில் நின்று பெரிய மீன் ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தான்.

"அண்ணை, சினை மீன்!"

எனக்கு முன்பே அதிகாரிப் பெண் வந்துவிட்டாள். மீனைக் காட்டி, "மரி கொட்?" என்றாள். எங்கள் காதுக்கு மீனும் கடவுளும் ஒரே கொட்தான். மரியாளைச் சொல்லி மதம் விசாரிக்கிறாள் என்று நினைத்துவிட்டான் யோகன்.

"நோ மேரி, மிஸ். முருகன் கொட்," என்று கழுத்திலிருந்த வேல் பதக்கத்தை இழுத்துக் காட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. அபராதமாக ஒரு பைன் விழுந்தாலே விசா போய்விடும் என்று நடுங்குகிறவன் அவன். ஓடிப்போய் விளக்கினேன். நல்லவேளை, எச்சரிக்கையோடு விட்டாள். மீனையும் விடச் சொல்லி, அன்பாகவே ஒரு பாடமும் எடுத்தாள். நான் மொழிபெயர்த்தேன்.

"முட்டை போட்டாப்பிறகு ஆம்பிளை மீன் பக்கத்திலை நிண்டு காவல் காக்குமாம். அந்த நேரம் அதின்ரை குடும்பத்தை ஒருத்தரும் குழப்பக்கூடாதாம்."

"கேளுங்கோ அண்ணை, அந்தச் சட்டத்திலை எங்களையும் சேர்க்கேலாதோ எண்டு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் மீன் இலாகா, குடிவரவு இலாகா அல்ல.

மீன் போய்விட்டது. யோகனின் சட்டைப்பையில் போன் அடித்தது. வீடியோவில் மகள்.

"அப்பா, மீன் பிடிச்சனீங்களோ?"

"பிடிச்சு விட்டிட்டன். அது முட்டை போடப் போகுது."

"அப்ப அதின்ரை அப்பா?"

"பக்கத்திலை நிப்பார். அவருக்கு விசா இருக்கு."

மீனைக் காட்டச் சொன்னாள் பிள்ளை. போனை ஆற்றுக்கு மேல் பிடித்தான். சிக்னல் அறுந்து, அவள் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. யோகன் கரையேறாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.