காலுக்குப் பூசிய தைலம்

வேலந்தாவளத்திலிருந்து என் கணவரைக் கால்வலிக்காகக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனேன். காலில் நான்கு உலோகப் பட்டைகளைக் கட்டி, லேசான மின்சாரம் விட்டு, சதையின் மின்தடையை வைத்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும் மெஷின் அங்கே புதிதாக வந்திருந்தது.

காகிதத்தில் கோடு தாறுமாறாக ஓடியது. "ரத்தம் இறங்கலை போலிருக்கு. காலை எடுக்க வேண்டி வரலாம்" என்றார் டாக்டர்.

பட்டையை அவிழ்த்த நர்ஸ் தன் விரலை முகர்ந்தார். "காலுக்கு என்னங்க பூசினீங்க?"

"பஸ்ஸுல வலி தாங்கலீங்க. கொஞ்சம் தைலமுங்க" என்றார் இவர்.

நான் கத்தியேவிட்டேன். "ஏனுங்க, டெஸ்ட்டுக்கு முன்னால எண்ணெய் தொடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னதை மூணு வாட்டி சொன்னேனுங்களே!"

"அது எண்ணெயில்ல புள்ள, மருந்து."

எண்ணெய்ப் பசையில் மின்சாரம் சரியாகப் பாயவில்லையாம்; சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி அளந்தார்கள். ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது, வெறும் தசைப்பிடிப்புதானாம்.

இப்போதெல்லாம் பரிசோதனை என்றால் நான் அவரிடம் எதுவும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக் குழாயடியில் நிறுத்தி, நானே தேய்த்துக் கழுவிவிடுகிறேன்.