ரதி கட்டிய சேலை

கண்டியிலிருந்து பேட்டி எடுக்க வந்த பிள்ளை, காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டிப் பேர் வாங்கிய சுப்பையா தன் கதையைச் சொல்வதைப் போனில் காட்டியது. அதில் அந்த ஆள் அலுமாரியைத் திறந்து, "மொதச் சம்பளத்துல நானே வாங்குன சேலை" என்று விரித்தார். அரக்கு நிறம், மாங்காய்க் கரை, அடுப்புப் பொறி பட்ட முந்தானையில் என் அம்மா பச்சை நூலில் போட்ட தையல்.

பன்வில தேயிலைத் தோட்டத்துக் காமன் பொட்டலில் இப்போது ஹோட்டலுக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. அன்று மாசிப் பனியில் வைக்கோல் எரித்துத் தப்பு மேளம் காய்ச்சும் வாசனையும், அரிதாரமும் வேர்வையும் கலந்த நெடியும், கம்பிளி போர்த்திய சனத்தின் இருமலுமாகப் பொட்டல் நிறைந்திருக்க, அம்மாவின் கூறைச் சேலையில் அந்த ஆள் எரிந்துபோன காமனுக்காக அழுவார், அம்மாவும் கூடச் சேர்ந்து அழுவாள். ஒரு வருஷம், "விடிஞ்சதும் தந்துர்றேன் அக்கா" என்று வாங்கிப்போனவர் தரவே இல்லை. அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். தாலியோடு கண்ணை மூடியவளுக்குப் போர்த்தக் கூறை இல்லாமல், கொழுந்தெடுக்கப் போட்டுப் போன கம்பிளியைத்தான் போர்த்தினோம்.

"அவரப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா" என்று போனை என் பக்கம் திருப்பியது பிள்ளை.

நாலு பேர் பார்க்க எனக்குப் பேச்சு வராது. இன்றைக்கு வந்தது.

"நல்லாத்தான் அழுவாரு. எங்கம்மா சேலைய மொதல்ல குடுக்கச் சொல்லு பாப்பா."